குஞ்சுத் தீவனத்துக்கு ப்ரீபயாட்டிக்: எந்தப் பொடி எடுபடும், எது தண்ணீரோடு போகும்

மீன் குஞ்சுகளுக்கென்று ப்ரீபயாட்டிக், அதாவது குடலின் நல்ல பாக்டீரியாவுக்கு உதவும் தீவனப் பொருள், என்ற பெயரில் வரும் பொடிகளில் பெரும்பாலானவை இரண்டே வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, ஈஸ்டின் செல் சுவரிலிருந்து எடுக்கும் எம்.ஓ.எஸ் (மானோஸ் சர்க்கரைச் சங்கிலி); நோய் எதிர்ப்பைத் தூண்டும் பீட்டா குளுக்கானும் அதோடு சேர்ந்தே வரும். மற்றது, சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின், அதன் குட்டைச் சங்கிலி வடிவமான எஃப்.ஓ.எஸ். தயார் தீவனத்தின்மேல் பூசிக் கொடுப்பவர்கள் முதல் வகையை வாங்கலாம். இரண்டாவது, தீவனத்தைத் தாங்களே அரைத்துக் குருணையாக்குபவர்களுக்கு மட்டும்தான் சரிப்படும்.

காரணம் எளிது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி பொடியைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். இனுலின் பெரும்பாலும் கரைந்து, நீர் லேசாக இனிக்கும். செல் சுவர்ப் பொடி கரையாது. கலங்கி நின்று, பிறகு அடியில் படியும். அரை மில்லிமீட்டர் குருணைக்கு எடையை ஒப்பிட்டால் மேற்பரப்பு மிக அதிகம். அதன்மேல் கரையும் சர்க்கரையைப் பூசினால், குஞ்சு வாயில் எடுப்பதற்குள் பாதி தொட்டிக்குப் போய்விடும். அங்கே வளர்வது குடலின் நல்ல பாக்டீரியா அல்ல, தொட்டி நீரின் பாக்டீரியா.

எம்.ஓ.எஸ் வேலை செய்யும் விதமும் வேறு. சில நோய்க்கிருமிகள் குடல் சுவரிலுள்ள மானோஸ் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டும். தீவனத்தில் வரும் மானோஸை அவை பிடித்துக்கொண்டால் கழிவோடு வெளியே போகும். எல்லாக் கிருமியும் இப்படி ஒட்டுவதில்லை. ஆகவே இதை மருந்து என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

வாங்கும்போது பையின் பின்பக்கத்தில் புரத அளவைப் பாருங்கள். 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் முழு ஈஸ்ட். நல்ல தீவனப் பொருள்தான். ஆனால் ஈஸ்டின் உலர் எடையில் செல் சுவர் ஏறக்குறைய 15 முதல் 30 சதவீதமே. செல் சுவர்ப் பொடிக்குச் சொன்ன அளவில் இதைப் போட்டால் பலன் தெரியாது. எம்.ஓ.எஸ், பீட்டா குளுக்கான் இரண்டின் சதவீதத்தையும் தனித்தனியே போடாத பையைத் தவிர்த்துவிடலாம்.

அளவு: கிலோ தீவனத்துக்கு 2 முதல் 4 கிராம் செல் சுவர்ப் பொடி. பொடியை 15 முதல் 20 மில்லி மீன் எண்ணெயில் குழைத்து, குருணையைப் புரட்டிக்கொண்டே சிறிது சிறிதாக ஊற்றி, நிழலில் அரை மணி நேரம் ஆற விட வேண்டும். தண்ணீரில் குழைத்தால் குருணை ஊறிக் கூழாகும். எண்ணெய் கூடினால் கட்டி பிடிக்கும், நீரில் படலம் மிதக்கும். இரண்டு நாளைக்கு மேல் பூசி வைக்காதீர்கள்; எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

சொந்த அரைவையென்றால் 100 கிலோவுக்கு 300 கிராம். அதை நேரே கொட்டினால் ஒரு பிடியில் குவியும், மறு பிடியில் இருக்காது. முதலில் 3 கிலோ நைஸ் தவிட்டில், பிறகு 30 கிலோவில், கடைசியில் முழுக் கலவையில். நீராவிச் சூடு செல் சுவரைக் கெடுக்காது. உயிருள்ள ப்ரோபயாட்டிக்கைவிட இதற்குள்ள பெரிய வசதி இதுதான். இனுலினுக்குக் கிலோவுக்கு 5 கிராமில் தொடங்குங்கள். தாராளம் ஆபத்து: 15 சதவீத இனுலின் கொடுத்த ஆர்க்டிக் சார் என்ற குளிர்நீர் மீன்களின் குடல் செல்கள் சேதமடைந்தது ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

முட்டையிலிருந்து வந்து ரோட்டிபர், ஆர்டீமியா போன்ற நுண்ணிய உயிர் இரைகளைத் தின்னும் பருவத்தில் பூசிய தீவனத்துக்கு வேலையே இல்லை. ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாட்களிலும் நிறுத்தி வையுங்கள். ஒரு கையால் ஊட்டி மறு கையால் கொல்லும் கதை அது. பீட்டா குளுக்கான் மிகுந்த பொடியைச் சில வாரம் கொடுத்து இடைவெளி விடுவது நல்லது.

சுத்தமான நீர், குறைந்த அடர்த்தி உள்ள தொட்டியில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். தரம் பிரித்தல், இடம் மாற்றுதல் போன்ற அழுத்தமான நாட்களில்தான் பிழைப்பு விகிதத்தில் தெரிய வாய்ப்பு. அதனால் பை பையாக வாங்குமுன் பொடியுடன் மூன்று ஹாப்பா (நீரில் கட்டும் வலைக் கூண்டு), பொடியில்லாமல் மூன்று ஹாப்பா, ஒரே எண்ணிக்கைக் குஞ்சு, எட்டு வாரம் என்று வைத்துப் பாருங்கள். பொடியில்லாத தீவனத்துக்கும் அதே அளவு எண்ணெய் பூச வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் தந்த எடையைப் பொடியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.