தரங்கம்பாடி: மத்தியானம் எட்டிப் பார்க்காதீர்கள், ஒரு ராத்திரி தங்குங்கள்

தரங்கம்பாடியில் ஒன்றும் இல்லை என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கே மத்தியானம் போனவர்கள். திருக்கடையூரில் யாருக்காவது அறுபதாம் கல்யாணமோ சதாபிஷேகமோ நடந்திருக்கும், சாப்பாடு முடிந்து வேன் கிளம்பும்போது பக்கத்தில்தானே கடல் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள், உடனே பட்டுப்புடவையும் மாலையுமாக மொத்தக் கூட்டமும் கோட்டை முன்னால் வந்து இறங்கும். உச்சி வெயில், ஒதுங்க நிழல் கிடையாது, மணல் காலைச் சுடும். நாலு போட்டோ, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஐஸ், அரை மணி நேரத்தில் வண்டி திரும்பிவிடும். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை, அந்த நேரத்தில் அங்கே நிஜமாகவே ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மூன்றரை, நாலு மணி வாக்கில் போய்ச் சேருங்கள், ராத்திரி அங்கேயே தங்குங்கள், மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள் என்பதுதான் என் சிபாரிசு. இரண்டாம் ராத்திரிக்கு ஊரில் சரக்கு கிடையாது. படகு சவாரி, ராட்டினம், மால் என்று தேடுபவர்கள் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடலாம், நேரம் மிச்சம்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. மீட்டர் கேஜ், 1926-இல் வந்தது, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ்தான். மயிலாடுதுறையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர், காரைக்காலிலிருந்து அதில் பாதி. ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளையடித்த ஒரு பெரிய வளைவு நிற்கும், டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டியது, லேண்ட்போர்ட்டன் என்று பெயர். அதைத் தாண்டினால் ராஜவீதி. நேராகக் கடலில் போய் முடிகிற தெரு, பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இதன் இரண்டு பக்கமும்தான் இருக்கிறது, ஆடி அசைந்து நடந்தாலும் பத்து நிமிஷத்தில் கடற்கரை வந்துவிடும். தயவுசெய்து நடந்தே போங்கள். காரில் போனால் தெரு ஆரம்பித்ததும் தெரியாது முடிந்ததும் தெரியாது.

முதலில் கோட்டை, ஏனென்றால் அதைச் சாயங்காலம் மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டேன்ஸ்போர்க் என்பது சரியான பெயர், ஊரில் டேனிஷ் கோட்டை என்றால்தான் வழி காட்டுவார்கள். 1620-இல் டென்மார்க்கிலிருந்து ஓவே ஜெட்டே என்ற தளபதி வந்து, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு இந்த இடத்தை வாங்கிக் கட்டியது. நாயக்கர் தங்க ஏட்டில் எழுதிக் கொடுத்த கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. வணிகம்தான் குறி, குறிப்பாக மிளகு. அதனால் கோட்டையும் அதற்கேற்ற மாதிரிதான், கீழே சரக்கு அறைகளும் சிப்பாய்களும், மேலே அதிகாரிகளும் ஒரு சின்ன தேவாலயமும். மேல்தளத்துக் கூடத்தில் மொத்தக் கூரையும் நடுவில் நிற்கும் ஒற்றைத் தூணில் வந்து இறங்குகிறது, நாலு குவிமாடமும் அதன் தோளில்தான். அந்தத் தூணில் சாய்ந்து அண்ணாந்து பாருங்கள், செஞ்சியையும் வேலூரையும் பார்த்த கண்ணுக்கு இந்தக் கோட்டை பொம்மை மாதிரித் தெரிந்தாலும் இந்த ஒரு இடத்தில் நின்றுவிடுவீர்கள்.

உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் சின்னது. பீங்கான், வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டு, சுதைப் பொம்மைகள், கொஞ்சம் திமிங்கில எலும்பு. அவசரக்காரர்கள் கால் மணியில் முடித்துவிடலாம். என்னை நிறுத்தியது சுறா மாதிரி இருக்கும் வேளா மீன் ஒன்றின் கொம்பு. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு பக்கமும் ரம்பப் பல் வரிசை, ஒவ்வொரு பல்லும் விரல் நீளம், பழுத்து மஞ்சளாகிவிட்டது. இந்தக் கடலில் வேளா இப்போது கிட்டத்தட்ட கண்ணிலேயே படுவதில்லை, வயதான மீனவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பக்கத்துப் புகாரில் பரதவர்கள் சுறாக் கொம்பை மணலில் நட்டு வைத்துக் கும்பிட்டார்கள் என்று சங்கப் பாட்டே இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு பார்த்தால், டேனிஷ் பீங்கான்களுக்கு நடுவில் அந்தக் கொம்புதான் வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

சரி, அப்புறம் மதில். கடலைப் பார்த்த பக்கம் ஏறி ஐந்து மணி வரை உட்காருங்கள். கோட்டைக்கு முன்னால் இருக்கும் மைதானம் ஒரு காலத்தில் அணிவகுப்பு நடந்த இடம், இப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பந்து கவர்னர் பங்களா பக்கம் போனால் சிக்ஸ்.

இவ்வளவு பெரிய ஆட்கள் வந்து போன துறைமுகம் ஏன் இப்படி அடங்கிப்போய்க் கிடக்கிறது என்று யாருக்கும் தோன்றும். 1845-இல் டென்மார்க் ராஜா தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார். கொஞ்ச காலம் கலெக்டர் இங்கே இருந்து மாவட்டத்தை நடத்தினார், பிறகு தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனது, 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கு மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஊர் அப்படியே நின்றுபோனது. நமக்குத்தான் லாபம், வளர்ந்திருந்தால் இந்த வீடுகளை எப்போதோ இடித்துக் காம்ப்ளக்ஸ் கட்டியிருப்பார்கள்.

கோட்டையை விட எனக்குப் பிடித்தது ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் வாழ்ந்த வீட்டில் இருக்கும் அருங்காட்சியகம். மறுநாள் காலைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். மதமாற்ற விவகாரம் என்று நினைத்துப் பலர் உள்ளே போவதில்லை, அது சரியில்லை. 1706 ஜூலை 9-ஆம் தேதி, இருபத்து நாலு வயதுகூட முடியாத இந்த ஜெர்மன்காரர் கூட்டாளி புளூட்சோவோடு வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். இங்கிருந்த டேனிஷ் அதிகாரிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, நாலு மாதம் சிறை. எங்கே என்றால், நேற்றுச் சாயங்காலம் நீங்கள் மதிலில் உட்கார்ந்திருந்த அதே கோட்டையில். நம் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதித் தன் ஊருக்கு அனுப்பினார், அங்கே இருந்த பெரியவர்களோ இந்தக் கதையெல்லாம் ஐரோப்பாவுக்கு எதற்கு என்று கிடப்பில் போட்டுவிட்டார்கள், அது அச்சேறியது 1867-இல், அதுவும் சென்னையில்.

அச்சுக் கதைதான் இந்த அருங்காட்சியகத்தின் உயிர். முதலில் ஒரு திருத்தம், தமிழ் முதன்முதலில் அச்சானது தரங்கம்பாடியில் என்று ஊரில் சிலர் அடித்துச் சொல்வார்கள். இல்லை. 1578-லேயே போர்ச்சுக்கீசியர்கள் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சிட்டுவிட்டார்கள். தரங்கம்பாடிக்கு உரிய பெருமை வேறு, இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு முதலில் அச்சானது இங்கேதான், 1715-இல் முடிந்தது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மகா பெரிசு, அந்த அளவில் அச்சிட்டால் காகிதம் போதாது. அதனால் பக்கத்துப் பொறையாரிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள், பிறகு காகிதப் பட்டறையும் வைத்தார்கள். அச்சுப்பொறிக்குப் பக்கத்தில் நின்று, நாம் போனில் கட்டைவிரலால் தட்டுகிற 'ண'வையும் 'ழ'வையும் ஒரு ஆள் ஈயத்தில் வார்த்து வார்த்துச் சின்னதாக்கியதை நினைத்துப் பாருங்கள். நான் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தேன், உடன் வந்தவர்கள் பொறுமையிழந்து டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

ராஜவீதியில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் தேவாலயம் 1701, டேனிஷ்காரர்களுக்கானது. எதிர்ச்சாரியில் புதிய எருசலேம் தேவாலயம் 1718, சீகன்பால்க் தமிழ்ச் சபைக்காகக் கட்டியது, முகப்பில் டேனிஷ் அரசரின் கிரீடச் சின்னத்தை இன்றும் பார்க்கலாம். திறந்து சில மாதத்திலேயே, 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் சீகன்பால்க் இறந்துபோனார், உள்ளேயே அடக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழையாதீர்கள், முடிந்ததும் கேட்டால் அன்பாகவே உள்ளே விடுகிறார்கள்.

ராஜவீதியோடு திரும்பிவிடுபவர்கள் ஒன்றைக் கோட்டைவிடுகிறார்கள். பக்கத்துத் தெருக்களில், முக்கியமாகத் தட்டார் தெருவில், நம்மூர் ஓட்டு வீடுகள் இருக்கின்றன. மரத்தூண் வைத்த திண்ணை, தாழ்ந்த வாசல், சுண்ணாம்புச் சுவர். சுனாமிக்குப் பிறகு பழமை கெடாமல் சீர்செய்து கொடுத்தவை. இவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் போனை நீட்டாதீர்கள், திண்ணையில் இருக்கும் பாட்டியிடம் முதலில் ஒரு வார்த்தை பேசுங்கள். பேசினால் ஊர்க்கதை பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

இனி கடல். குளிக்கும் கடற்கரை இது இல்லை. கரையோரமாகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், நீரோட்டம் பொல்லாதது, முட்டி அளவுக்கு மேல் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரைக்கால் பக்கமிருந்து வரும் கூட்டத்தின் புண்ணியத்தில் கற்களுக்கிடையில் உடைந்த பாட்டில்களும் கிடக்கும், செருப்பைக் கழற்றாதீர்கள். இந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம், இழுத்து மூச்சுவிட்டால் உடம்புக்கு நல்லது என்று ஒரு கதை வெகுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓசோன் வானத்தில் உயரத்தில் இருக்கும்வரைதான் நமக்கு நல்லது, மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். கடற்கரையில் மூக்கில் ஏறுகிற அந்த வாசனை, நீரில் இருக்கும் நுண்பாசிகளிலிருந்து கிளம்பும் கந்தக வாயுவுடையது. காற்று சுகமாக இருக்கிறது, அது போதாதா, அதற்கு ஒரு விஞ்ஞானம் எதற்கு?

கோட்டையிலிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். பதினாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, அதாவது டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னால். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைப் புதுப்பித்துத் தடுப்புக்கல் போட்டிருக்கிறார்கள். அலை அடிக்கிற இடத்துக்கும் சன்னதிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். 2004 டிசம்பர் 26 இந்த ஊரை எப்படி அடித்தது என்று மீனவர் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் நீங்களாகக் கிளறாதீர்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்காக அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அவர்கள் அலுத்துப்போயிருக்கிறார்கள்.

ராத்திரி தங்கச் சொன்னதற்குக் காரணம் விடியற்காலைதான். கிழக்குக் கடற்கரை, சூரியன் தண்ணீரிலிருந்தே எழும்பும், அதைப் படமெடுக்க நாலு பேர் நிற்பார்கள். நீங்கள் படகு வந்து ஒதுங்கும் பக்கம் போங்கள். வலையிலிருந்து நெத்திலியும் காரப்பொடியும் உதிர்க்கும் கைகளின் வேகத்தை எந்த வீடியோவிலும் பிடிக்க முடியாது. ஏலம் கூவுகிறவர் என்ன சொல்கிறார் என்று நமக்குப் புரிவதற்குள் கூடை கைமாறிவிடும், தலையில் சும்மாடு கட்டிய பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். குறுக்கே நிற்காதீர்கள், அவர்களுக்கு அது பிழைப்பு.

சாப்பாடுதான் ஊரின் பலவீனம். இவ்வளவு மீன் கரையேறும் இடத்தில் நல்ல மீன் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஒரு கடையில் சங்கரா என்று சொல்லி, ஐஸில் எத்தனை நாள் கிடந்ததோ தெரியாத எதையோ மசாலாவில் மூழ்கடித்து வைத்தார்கள், எலும்பைத் தொட்டதுமே சதை மாவாக உதிர்ந்தது. கடைப் பெயர் வேண்டாம், விலை கேட்பதற்கு முன் மீனைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி எட்டரைக்கு மேல் அநேகமாக எல்லாமே சாத்திவிடும், தங்கும் இடத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவைப்பது உத்தமம், இல்லையென்றால் பொறையார் போக வேண்டியதுதான், இரண்டு கிலோமீட்டர். தங்குவதற்குக் கடலைப் பார்த்த பழைய பங்களா ஓட்டலும் இருக்கிறது, சிக்கனமான அறைகளும் இருக்கின்றன. பங்களா செலவு வைக்கும், ஆனால் வராந்தாவில் உட்கார்ந்தால் கோட்டையும் கடலும் ஒரே பார்வையில் கிடைக்கும். வாழ்க்கையில் ஒருமுறை கொடுக்கலாம். சிக்கன அறை என்றால் கொசுவத்தி கையில் இருக்கட்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, புயல் சின்னம் என்று ஏதாவது ஒன்று வந்து திட்டத்தைக் கவிழ்க்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வெயிலும் உச்சத்தில் இருக்கும், கிடைக்கும் கொஞ்சநஞ்ச மீனும் யானை விலை. பூம்புகாரையும் திருக்கடையூரையும் இதனோடு சேர்த்துக்கொள்ள நினைத்தால் அவற்றை வரும் வழியிலேயே முடித்துவிடுங்கள், தரங்கம்பாடியைக் கடைசியில் வையுங்கள்.