பெரியம்மாவின் தகரப் பெட்டியும் பர்மா நட்சத்திரமும்

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனது கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ இல்லை. அம்மாவின் அப்பா பட்டாளத்தில் எந்தப் பிரிவில் இருந்தார், பர்மாவில் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் பத்து நாள் லீவு எடுத்தேன். சென்னையிலிருந்து ரயிலில் காட்பாடி, அங்கிருந்து பஸ்ஸில் கணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊர்.

வேலூர்ப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போவார்கள். கம்மவான்பேட்டையை இன்றும் ராணுவப்பேட்டை என்றுதான் சொல்கிறார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது: முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். எண்ணிக்கையோடு சரி, ஒருவர் பெயரும் அதில் இல்லை. அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது, தாத்தாவும் எங்கள் வீட்டில் இப்படி வெறும் ‘பட்டாளத்துத் தாத்தா’ ஆகிவிடக் கூடாது என்று தோன்றியது.

அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி, அந்த ரெஜிமென்டின் தலைமையிடமான நீலகிரி வெலிங்டனுக்கு எழுத ஒரு கடிதமும் தயார் செய்து வைத்திருந்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

பெரியம்மாவுக்கு எண்பத்தேழு வயது. நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து தகரப் பெட்டியை இழுத்து வரச் சொன்னார். உள்ளே ஒரு பென்ஷன் புத்தகம், ஒரு போட்டோ, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பதக்கம். ஆறு முனை நட்சத்திரம், நடுவில் கிரீடம், சுற்றிலும் பர்மா ஸ்டார் என்ற ஆங்கில எழுத்து. ரிப்பன் நைந்துபோயிருந்தாலும் நடுவில் சிவப்பு, இரு பக்கமும் நீலம், நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு என்று நிறம் தெரிந்தது. 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை நடந்த பர்மாப் போருக்குக் கொடுத்தது.

அந்தப் போரின் நட்சத்திரங்களை பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் பெயரும் எண்ணும் உண்டு. ஆனால் தாத்தாவின் நட்சத்திரத்தில் பின்பக்கம் மழுமழுவென்று இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பித்தளைப் பாத்திரங்களோடு இதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார் பெரியம்மா. விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நிழலில் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது: ஒரு எண், தாத்தாவின் பெயர், கடைசியில் ‘எஸ் அண்ட் எம்’. சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்! பாலமும் ரோடும் போடுகிற பிரிவு.

சொன்னதும் பெரியம்மா ஆச்சரியமே படவில்லை. “துப்பாக்கின்னு அப்பா ஒரு நாளும் பேசினதில்ல கண்ணு. கயிறு, பலகை, ஆத்துத் தண்ணி, இதுதான் பேசுவாரு. தண்ணியில நின்னு நின்னு பாதம் வெளுத்துப்போச்சுன்னு காட்டுவாரு. கிணத்துக் கயித்துக்கு அவரு போட்ற முடிச்சை வேற யாராலயும் அவுக்க முடியாது.” அறுபது வருஷமாக இது அவருக்குத் தெரியும். நாங்கள் யாரும் கேட்கவில்லை. 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்வின் ஆற்றின் மேல் 1154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம், அதாவது இரும்புச் சட்டங்களைப் பூட்டிச் சீக்கிரம் போடுகிற பாலம், போட்ட போர் அது. அந்தப் பாலத்தில் தாத்தா இருந்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட வேலையில்தான் அவர் பாதம் வெளுத்திருக்கிறது.

அப்புறம் அலுவலகங்கள். ஓர் இடத்தில் இரண்டு நாள் மேஜை மேஜையாக அலைந்தேன். “இவ்வளவு பழசெல்லாம் எதுக்கு?” என்று கேட்டதுதான் மிச்சம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு முதலிலேயே போயிருக்க வேண்டும். அங்கே இருந்தவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர். எண்ணைப் பார்த்ததுமே, “தம்பி, இது பெங்களூரு. மெட்ராஸ் சப்பர்ஸ் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்க” என்றார். எண், பெயர், தகப்பனார் பெயர், ஊர், உறவைக் காட்டும் சான்று எல்லாம் வைத்து எழுதச் சொல்லி, மனுவையும் திருத்திக் கொடுத்தார். அரை மணி நேரம்தான் ஆனது.

ஒரே வருத்தம் போட்டோவில். ஃபிரேம் போடக் கொடுத்த கடையில், கேட்காமலே பின்பக்கம் முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டிவிட்டார்கள். பின்னால் தாத்தா கைப்பட எழுதிய இரண்டு வரி இருந்தது. நான் அதைப் படம் எடுத்து வைக்கவில்லை. உங்கள் வீட்டில் பழைய போட்டோ இருந்தால் கடைக்குக் கொடுக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போனில் எடுத்துவிடுங்கள்.

மனுவைப் பெங்களூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. கிளம்பும் அன்று நட்சத்திரத்தைத் துணியில் முடிந்து பெரியம்மாவிடம் கொடுத்து, இனிமேல் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

“சரி, பொட்டு மட்டும் வெச்சுடறேன்” என்றார்.