கேஷ்: பெட்டியா, காசா?

திருகோணமலை பெரியகடையில் புடவை எடுத்தால் "கேஷா, காட்டா?" என்று கேட்ட அதே வாய் அடுத்த நொடி "காசைத் தாங்கோ" என்கிறது, அதனால் ஆங்கிலக் கேஷ் நம்முடைய காசுதான் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். பாதி சரி. ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு.

ரொக்கத்தைச் சொல்லும் கேஷ் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு, இத்தாலிய வழியாக வந்தது. மூலம் லத்தீன் 'கப்சா', அதாவது பெட்டி. கேஷியரும் இந்தக் குடும்பம்தான்.

மற்றக் கேஷ்தான் சுவாரசியம். நம்முடைய காசு போர்த்துக்கேயர் வாயில் 'காய்ஷா' ஆகி (அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல், குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்!) அப்புறம் ஆங்கிலத்துக்குப் போய்ச் சில்லறை நாணயத்தின் பெயரானது. மதராஸில் 1818 வரை 80 கேஷ் ஒரு பணம் (அப்போது அதுவும் ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே எழுதினார்கள்.

ஆக, கடைக்காரர் கேட்கிற கேஷுக்குப் பெட்டிக் கதைதான் பொருந்தும். பழைய நாணயம் சேர்ப்பவரிடம் போனால் தாராளமாக உரிமை கொண்டாடலாம்.