நல்ல வாட்சுக்கு நோய் கண்டுபிடிக்கும் கடை

மதுரையில் விலை உயர்ந்த டைவிங் வாட்ச் கட்டுகிறவர்கள் அதிகம் இல்லை. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது, கப்பல் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தது என்று ஆங்காங்கே சில வீடுகளில் இருக்கும். அவர்களுக்காக இந்தப் பதிவு. டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் வாட்ச் பழுதுபார்க்கும் கடையில், எந்தக் குறையும் இல்லாத செயின் லாக்கைக் கெட்டுப்போனது என்று சொன்னார்கள். பிறகு அதை உண்மையாகவே கெடுத்தார்கள். அதற்குக் கூலியாக 6,500 ரூபாயும் வாங்கினார்கள்.

வாட்ச், என் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, டூடர் நிறுவனத்தின் பெலகோஸ் என்ற டைவிங் வாட்ச். செயின் உட்பட டைட்டானியம். தம்பி கை பெருத்த கை, என்னுடையது ஒல்லி. ஒரு கண்ணியைக் கழற்றினால் போதும் என்று கொடுத்தேன். கடைக்காரர் லாக்கின் இரு பக்கத்தையும் பிடித்து இழுத்தார். அது கொஞ்சம் நீண்டு, விட்டவுடன் தானாக உள்ளே போனது. மறுபடியும் இழுத்துக் காட்டினார்.

"அண்ணே, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இப்படி ஆடக் கூடாது. தண்ணீரில் இறங்கினால் கழன்று விழுந்துவிடும்."

"அது அப்படித்தான் ஆட வேண்டும், அமைப்பே அதுதான். நீங்கள் ஒரு கண்ணியை மட்டும் கழற்றுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாலையில் போன் வந்தது. ஸ்பிரிங்கை மாற்றியாகிவிட்டதாம், பணத்தைக் கொடுத்துவிட்டு வாட்சை எடுத்துக்கொள்ளலாமாம். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்றால், "உங்கள் நல்லதுக்குத்தானே அண்ணே" என்கிறார். லட்சக்கணக்கில் விலை போகும் பொருள் அவர் மேசை டிராயருக்குள் இருக்கும்போது என்ன பேரம் பேசுவது? பணத்தைக் கொடுத்தேன். என்ன வேலை செய்தார் என்று பில்லில் எழுதிக் கொடுத்தால்தான் கடையை விட்டு நகர்வேன் என்று நின்று எழுதி வாங்கினேன்.

அவர் நோய் என்று சொன்னது என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆழ்கடலில் இறங்குகிறவர்கள் போடும் ரப்பர் உடை வெறும் ரப்பர் இல்லை. நியோப்ரீன் என்ற அந்தப் பொருளுக்குள் பொடிப்பொடியாக வாயுக் குமிழிகள் இருக்கும். பத்து மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரண்டு மடங்காகிவிடும். குமிழிகள் நசுங்கி உடை மெலியும். கரையில் அந்த உடையின் மேல் இறுக்கிக் கட்டிய வாட்ச், உள்ளே போகப் போகத் தொளதொளவென்று சுற்றத் தொடங்கும். மேலே வரும்போது உடை மறுபடி உப்பும். 2012-இல் வந்த பெலகோஸின் லாக்குக்குள் ஸ்பிரிங் வைத்தது இதற்காகத்தான். உடை மெலிந்தால் செயினை உள்ளே இழுத்துக்கொள்ளும், உப்பினால் விட்டுக்கொடுக்கும். வேண்டாம் என்றால் ஸ்பிரிங் வேலை செய்யாத நிலையான பள்ளங்களில் செயினை நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

நான் கடலில் குதிக்கப் போவதில்லை. ஆனால் சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் கை வீங்குவதும், ராத்திரி பழையபடி ஆவதும் எல்லோருக்கும் உள்ளதுதான். அதற்கு இந்த லாக்கைப்போல வசதி வேறு இல்லை.

வீட்டுக்கு வந்து கட்டிப் பார்த்தேன். கையை முறுக்கிப் பிடித்தது போல இறுக்கம். லாக் அசையவே இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. ஸ்பிரிங் ஓடும் காடியின் ஓரத்தில் மஞ்சளாக, கண்ணாடிபோல இறுகிய பசை. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. பழைய ஸ்பிரிங் அப்படியே உள்ளே இருக்கிறது. அதன் மேல்தான் பசை ஊற்றியிருக்கிறார். கண்ணிகளைக் கோத்திருக்கும் திருகாணி ஒன்றின் தலை பிளந்து, பக்கத்து டைட்டானியத்தில் நீளமாக ஒரு கீறல். பொருந்தாத திருப்புளியைப் போட்டு அழுத்தினால் விழும் கீறல் அது. ஒரு கண்ணி கேட்டேன், மூன்றைக் கழற்றியிருந்தார். என்னிடம் திருப்பிக் கொடுத்தது ஒன்றே ஒன்று.

தெரியாத்தனமாகச் செய்துவிட்டார், பாவம் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. ஸ்பிரிங் எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் ஒரு சொட்டு விட்டால் அது நிற்கும் என்று சரியாகத் தெரிந்த கைதான் அந்தப் பசையை வைத்திருக்கிறது. பேட்டரி மாற்றுவதிலும் சாதாரண வாட்ச் வேலையிலும் அவர் கெட்டிக்காரர் என்று அந்தத் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என் கோபத்துக்குக் காரணம்.

வேறு நல்ல டைவிங் வாட்ச் வைத்திருப்பவர்களிடமும் இதே கதையை வேறு விதமாகச் சொல்ல இடமிருக்கிறது. ரோலெக்ஸ் சப்மரைனரில் கிளைட்லாக் என்ற அமைப்பு. லாக்கின் மூடிக்குள் பற்கள் கொண்ட ஒரு தண்டவாளம் இருக்கும். செயினின் நுனியைத் தூக்கி, நகர்த்தி, அழுத்தினால் அடுத்த பல்லில் உட்காரும். ஒரு பல்லுக்கு சுமார் 2 மில்லிமீட்டர், மொத்தம் சுமார் 20 மில்லிமீட்டர். எந்தக் கருவியும் வேண்டாம். தூக்கினால் நகரத்தான் செய்யும், அதைப் "பல் தேய்ந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் வாட்சைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். ஒமேகா சீமாஸ்டர் டைவிங் வாட்சுகள் சிலவற்றில் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தியபடி இழுக்க வேண்டும். டூடர் பிளாக் பே சிலவற்றில் டி-ஃபிட் என்று ஐந்து நிலைகளில் 8 மில்லிமீட்டர் வரை நகரும் லாக் வருகிறது. சாதாரணச் செயினில் லாக்கின் பக்கவாட்டில் ஓட்டைகள் இருக்கும், ஊசி போன்ற கருவியால் உள்ளே உள்ள பின்னை அழுத்தி அடுத்த ஓட்டைக்கு மாற்றுவார்கள். பழக்கத்தில் எல்லாச் செயினையும் அந்தக் கணக்கிலேயே பார்க்கும் கடைகளும் உண்டு, அது வேறு விஷயம்.

கொடுப்பதற்கு முன் லாக்கைத் திறந்து உள்ளும் புறமும் போட்டோ எடுங்கள். கண்ணிகளை எண்ணி, எண்ணிக்கையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கண்ணி கழற்றுவது சிறிய வேலை, உங்கள் கண் முன்னே கவுன்டரிலேயே செய்யலாம். விட்டுவிட்டுப் போங்கள் என்றால் வேறு கடை பாருங்கள். ஏதாவது மாற்றினேன் என்றால் பழையதைக் கையில் கேளுங்கள். இந்தக் கடைக்காரரிடம் பழைய ஸ்பிரிங்கைக் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். அது என் கையில் கட்டியிருந்த லாக்குக்குள்ளேயே இருந்தது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அதற்குப் பிறகு மீதிக் கண்ணிகள் இரண்டும் வந்துவிட்டன, ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் போனான். பணம் வரவில்லை, லாக்கைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க மறுக்கிறார். மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். வாட்ச் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குப் போய் லாக்கின் நிலைமையை எழுத்தில் வாங்கிய பிறகு அதையும் சேர்த்துத் தாக்கல் செய்வேன். "ஸ்பிரிங் புதியது மாற்றம்" என்று அவர் தன் கையாலேயே எழுதிய பில் முதல் இணைப்பு.