பார்சலில் "பரிசு" என்று எழுதி அனுப்பும் விற்பனையாளர்களிடம் ஜாக்கிரதை

வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆன்லைனில் எலக்ட்ரானிக் பொருள் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். என் பணம் போனது போனதுதான். உங்களுடையதாவது மிஞ்சட்டும்.

நான் வாங்கியது ஒரு வயர்லெஸ் மைக் செட். இரண்டு மைக், ஒரு ரிசீவர், கூடவே உதிரி பேட்டரிகள். விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: "எல்லா நாடுகளுக்கும் அனுப்புகிறோம். சுங்கத்தில் சிக்காது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டு ஒரு மெசேஜ் போட்டேன். "எங்களிடம் தனி வழி இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று சிரிப்பு பொம்மையோடு பதில் வந்தது. ஷிப்பிங் இன்சூரன்ஸ் என்று தனியாக ஒரு தொகையும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தத் தனி வழி என்ன என்பது பார்சல் சுங்கத்தில் நின்ற பிறகுதான் தெரிந்தது. சுங்கத்துறையிலிருந்து வந்த கடிதத்தோடு பார்சலின் மேல் ஒட்டியிருந்த சுங்கப் படிவத்தின் நகலும் இருந்தது. அஞ்சலில் வெளிநாடு போகும் சின்னப் பார்சல்களில் ஒட்டுவார்களே, சி.என். 22 என்ற அந்தச் சிறிய சீட்டுதான். அதில் பரிசு, ஆவணம், விற்பனைப் பொருள், மாதிரி என்று கட்டங்கள் இருக்கும். என் பார்சலில் "பரிசு" என்ற கட்டத்தில் டிக். பொருள் என்ன? "பிளாஸ்டிக் பொம்மை." மதிப்பு, நான் கொடுத்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேட்டரி என்ற பேச்சே இல்லை. கீழே கையெழுத்து என்ற பெயரில் ஒரு கோடு.

ஸ்கேனரில் பார்த்தால் ஆன்டெனாவும் பேட்டரியும் பளிச்சென்று தெரியும் பெட்டிக்குப் பொம்மை என்று பெயர் வைத்தால் எந்த அதிகாரி சும்மா விடுவார்?

சுங்கம் கேட்டவை மூன்று: உண்மையான இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, ரேடியோ சாதனத்துக்கான அனுமதிச் சான்று. மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயர்லெஸ் மைக், வாக்கி டாக்கி, ரிமோட்டில் ஓடும் சாதனங்கள் எல்லாமே அலைவரிசையில் பேசுபவை. எந்த அலைவரிசை யாருக்கு என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. ஒரு நாட்டில் தாராளமாக விற்கும் மைக், இன்னொரு நாட்டில் மொபைல் நிறுவனத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பேசிக்கொண்டிருக்கும். அமெரிக்காவிலேயே 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கு மொபைல் சேவைக்குப் போய்விட்டதால், 2020 ஜூலை 13-க்குப் பிறகு அந்தப் பங்கில் வயர்லெஸ் மைக் இயக்கக் கூடாது என்று ஆனது. அப்படி ஓரிடத்தில் பயன்படுத்த முடியாமல் போன பழைய மாடல்கள் வேறெங்கோ மலிவாக வலம் வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எனக்கு வந்தது அந்த ரகமா என்று சொல்ல முடியாது, பெட்டியை நான் திறக்கவே இல்லையே.

சரி, இன்வாய்ஸாவது அனுப்புங்கள் என்று விற்பனையாளரிடம் கேட்டேன். உடனே வந்தது ஒரு பி.டி.எஃப். அதில் என் பெயர், முகவரி எல்லாம் சரி. விலை மட்டும் சீட்டில் இருந்த அதே பொம்மை விலை. "இதையே கொடுங்கள், வரியும் குறையும்" என்று அறிவுரை வேறு. தயவுசெய்து இந்த வலையில் மட்டும் விழாதீர்கள். சீட்டில் பொய் எழுதியது அவர்கள். அந்தப் பொய்யை உங்கள் கையால் சுங்கத்தில் கொடுத்துவிட்டால் அது உங்கள் குற்றம். அபராதமும் வழக்கும் உங்கள் வாசலுக்குத்தான் வரும். அவர்கள் அடுத்த வாரம் வேறு கடைப் பெயரில் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

நான் வங்கி ரசீதையே கொடுத்தேன். மதிப்பு பொருந்தவில்லை, அனுமதிச் சான்று இல்லை என்று பொருளைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். இதற்காகச் சுங்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். செய்தியைச் சொன்னதும் விற்பனையாளர் என்ன சொன்னார் தெரியுமா? "உண்மை விலையைச் சொன்னது நீங்கள். அதனால் பொறுப்பும் உங்களுடையது."

அடுத்து இன்சூரன்ஸ் கதை. போகும் வழியில் தொலைந்தாலோ உடைந்தாலோ மட்டும்தான் அது செல்லுமாம், சுங்கம் எடுத்துக்கொண்டால் செல்லாதாம். அஞ்சல் துறையிடமும் கேட்க வழியில்லை. உலக அஞ்சல் ஒன்றியத்தின் உடன்படிக்கைப்படி, சேரும் நாட்டின் சட்டப்படி பறிமுதலான பொருளுக்கு அஞ்சல் நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை. பறிமுதல் ஆகாமல் வழியில் காணாமல் போன பார்சல் என்றால் கதை வேறு: அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கேட்கலாம். அதைப் பெரும்பாலும் அனுப்பியவர்தான் தொடங்க வேண்டும் என்பார்கள், அதனால் விற்பனையாளரை விடாமல் நெருக்குங்கள்.

பொருளை வாங்கிய விற்பனைத் தளத்தில் புகார் போட்டேன். போட்ட உடனே விற்பனையாளரின் குரல் தேனாக மாறியது. புகாரை மூடிவிடுங்கள், வேறு வழியில் புதிதாக அனுப்புகிறோம், இரண்டே வாரம் என்றார்கள். நான் மூடவில்லை. பெரும்பாலான தளங்களில் ஒருமுறை மூடிய புகாரைத் திரும்பத் திறக்க முடியாது, இரண்டு வாரம் இரண்டு வாரம் என்று இழுத்தால் புகார் கொடுக்கும் கெடுவும் தாண்டிவிடும். அந்தக் கணக்கில்தான் அவர்கள் பேசுகிறார்கள். ஆனால் மூடாமல் இருந்தும் எனக்குப் பெரிய பலன் இல்லை. சுங்க அனுமதி வாங்குபவரின் பொறுப்பு என்று விதிமுறையில் எங்கோ கீழே இருந்த ஒரு வரியைக் காட்டித் தளம் கையை விரித்துவிட்டது. இன்சூரன்ஸ் தொகை மட்டும் திரும்ப வந்தது.

அப்புறம் வங்கி. கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கலாம், அதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு என்பது பலருக்குத் தெரியும். தெரியாதது இது: விசா கார்டில் "பொருள் வந்து சேரவில்லை" என்ற பிரிவில் புகார் கொடுத்தால், பொருள் உங்கள் நாட்டுச் சுங்கத்தில் நிற்கிறது என்றால் அந்தப் புகார் செல்லாது. விதியே அப்படி. என் புகார் அங்கேதான் அடிபட்டது. அதனால் வங்கியில் புகார் கொடுக்கும்போது எந்தப் பிரிவில் கொடுப்பது என்று முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள். விற்பனையாளர் என்ன வாக்குக் கொடுத்தார், சீட்டில் என்ன பொய் எழுதினார் என்பதற்கான ஸ்கிரீன்ஷாட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். விற்பனைப் பக்கத்தையும் ஆர்டர் போட்ட அன்றே படம் எடுத்து வையுங்கள். "சுங்கத்தில் சிக்காது" என்ற வாசகம் என் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மாயமாகிவிட்டது.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. பார்சல் நின்றிருந்த சமயத்திலேயே "உங்கள் பார்சல் சுங்கத்தில் உள்ளது, விடுவிப்புக் கட்டணம் செலுத்தவும்" என்று ஒரு லிங்க்கோடு எஸ்.எம்.எஸ். வந்தது. இந்த மாதிரி எஸ்.எம்.எஸ்.ஸை ஆயிரக்கணக்கானோருக்குக் குத்துமதிப்பாக அனுப்புகிறார்கள், யாராவது ஒருவர் நிஜமாகவே பார்சலுக்குக் காத்திருப்பார் அல்லவா. பார்சல் எண்ணை நீங்களே அஞ்சல் துறையின் தளத்தில் போட்டுப் பாருங்கள், லிங்க்கைத் தொடாதீர்கள். அஞ்சலில் வரும் பார்சலின் சர்வதேச எண்ணில் முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இரண்டு எழுத்து இருக்கும். அந்தக் கடைசி இரண்டும் எந்த நாட்டில் அஞ்சலில் போட்டார்கள் என்பதைச் சொல்லும். பக்கத்து நாட்டுக் கிடங்கிலிருந்து அனுப்புகிறோம் என்று எனக்குச் சொன்னவர்களின் எண்ணில் வேறு ஒரு நாட்டின் எழுத்துகள் இருந்தன.

இனி யாராவது இப்படி வாங்குவதானால் ஆர்டர் போடுவதற்கு முன் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: சுங்கப் படிவத்தில் பொருளின் பெயரையும் மதிப்பையும் உள்ளது உள்ளபடி எழுதுவீர்களா? பேட்டரி இருந்தால், லித்தியம் பேட்டரிகளுக்கான யூ.என். 38.3 என்ற பாதுகாப்புச் சோதனையின் சான்று இருக்கிறதா? சாதனத்திலிருந்து தனியாக வரும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்பது 2016 ஏப்ரல் 1 முதல் உள்ள விதி. அதனால்தான் பல விற்பனையாளர்கள் பேட்டரியைப் பற்றி மூச்சே விடாமல் உள்ளே திணித்து அனுப்புகிறார்கள். உதிரி பேட்டரியை உங்கள் நாட்டிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. ரேடியோ சாதனம் என்றால் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதிப் பட்டியலில் தேடிப் பாருங்கள். வரியெல்லாம் விலையிலேயே அடக்கம் என்றால், இறக்குமதி வரியைக் கட்டுவது யார், எந்த நிறுவனத்தின் வழியாகக் கட்டுவார்கள் என்று கேளுங்கள்.

நேர்மையான விற்பனையாளர் இவற்றுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடுவார். சிரிப்பு பொம்மை வந்தால் கார்டை எடுக்காதீர்கள்.