மலையில் வீடு: சரிவை வெட்டுவதா, தூண் மேல் நிறுத்துவதா?

கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் கோத்தகிரியிலோ ஏற்காட்டிலோ பத்து சென்ட் வாங்கிப் போடுகிறார்கள். அப்புறம்தான் கேள்வி வருகிறது. சரிவை வெட்டிச் சமமாக்கி ஊரில் கட்டுவதுபோலக் கட்டுவதா, சரிவை அப்படியே விட்டுத் தூண்கள் மேல் வீட்டை நிறுத்துவதா? இரண்டு விதமான வீடும் எங்கள் சொந்தத்தில் இருக்கிறது. இரண்டிலும் மழைக்காலத்தில் தங்கியிருக்கிறேன்.

வெட்டிக் கட்டியது பெரியப்பா மகன், கோத்தகிரிக்குக் கீழே. வாசல்வரை கார் போகும். வீட்டுக்குள் ஒரு படிகூடக் கிடையாது. முட்டிவலியோடு நடக்கிற பெரியம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் பின்பக்கம் பதினோரு அடி மண் செங்குத்தாக நிற்கிறது. அதைத் தாங்க ஒரு கருங்கல் சுவர். ஐப்பசியில் போனபோது படுக்கையறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருந்தது. கை வைத்தால் பூச்சு மாவாக உதிர்ந்தது. பீரோவில் தொங்கிய தோல் பெல்ட் முழுக்கப் பூசணம். தாங்குசுவரைப் பார்த்த உள்ளூர் மேஸ்திரி ஒன்றுதான் கேட்டார்: "ஏனுங்க, தண்ணி வெளிய வர ஓட்டை எங்கீங்க உட்டிருக்கீங்க?" ஒன்றுகூட விடவில்லை.

மண் குடித்த தண்ணீர் வடிய வழியில்லை என்றால் சுவரைத்தான் தள்ளும். மண்ணும் கனத்து இளகும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் மலை சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதை நினைத்தால், வெட்டிய மண்ணுக்கு அடியில் படுத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டியே ஆக வேண்டுமென்றால் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, வரிசையாகக் குழாய் வையுங்கள். சுவருக்கு மேலே மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வெட்டுங்கள்.

தூண் வீடு ஏற்காட்டில், மச்சானுடையது. மேல்பக்கம் இரண்டடித் தூண், கீழ்பக்கம் ஒன்பதடி. மழைத் தண்ணீர் வீட்டுக்கு அடியிலேயே ஓடிப் போய்விடுகிறது. சுவரில் பொட்டு ஈரம் இல்லை. சிரமம் வேறு இடத்தில். கெட்டித் தரை கிடைக்கும்வரை ஒவ்வொரு குழியும் தோண்ட வேண்டியிருந்ததால் அஸ்திவாரச் செலவு ஏறியது. தூண்கள் நெட்டையும் குட்டையுமாக இருப்பதால், நிலம் அதிர்ந்தால் பாரம் குட்டைத் தூண்களில்தான் விழும். அதனால் கணக்குப் போட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கட்டாயம் வேண்டும். மார்கழியில் அடியில் காற்று புகுந்து தரை ஐஸ் மாதிரி சில்லிடும். மச்சான் பிறகு மரப்பலகை போட்டார்.

கூரையில் எனக்குக் குழப்பமே இல்லை. ஐந்தங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும்; மழை நின்ற பிறகும் தண்ணீர் தேங்கும். மங்களூர் ஓட்டுக்கு அதில் கால்பங்கு எடைகூட வராது. சாய்ப்பை இரண்டடி வெளியே நீட்டினால் சுவரும் நனையாது. நீலகிரியில் வீட்டின் உயரத்துக்குச் சட்ட வரம்பு உண்டு என்பதால், ஓட்டுச் சரிவையும் சேர்த்து முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

இப்போது எல்லோரும் கேட்பது தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. பள்ளத்தாக்கு தெரியும், சரி. ராத்திரி வீட்டுச் சூடு முழுக்க அந்த வழியாகவே போய்விடும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்வதால் கிழக்கிலும் தெற்கிலும் பெரிய ஜன்னல் போதும். மழை வரும் திசையும் முக்கியம்: வால்பாறையில் ஆனி, ஆடிச் சாரல் மேற்கிலிருந்து அடிக்கும், கோத்தகிரியில் ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் தாழ்வாரம் இறக்குங்கள்.

நான் கட்டினால் ரோட்டு மட்டத்தில் காரும் பெரியவர்கள் அறையும், அதற்குக் கீழே நாலு படி இறங்கித் தூண் மேல் மற்ற அறைகளும் வைப்பேன். வெட்டு மூன்றடியைத் தாண்ட விடமாட்டேன். பெரியப்பா மகன் இந்தச் சித்திரையில் தாங்குசுவரில் ஓட்டை போட ஆள் வைத்திருக்கிறான். முதல் ஓட்டையிலேயே, மழை நின்று மாதக்கணக்கு ஆன பிறகும், செந்தண்ணீர் விரல் கனத்துக்கு வடிந்தது.