ஐஸ்கஸி ஸ்டோரேஜில் யாரை உள்ளே விடுவது: நாலு வருடம் ஓட்டிய அனுபவம்

நாலு வருடமாக ஒரு லினக்ஸ் சர்வரை ஐஸ்கஸி டார்கெட்டாக ஓட்டுகிறேன்; அதாவது அதன் டிஸ்க்குகளை மற்ற சர்வர்கள் (ஹோஸ்ட்கள்) நெட்வொர்க் வழியாகத் தங்கள் சொந்த டிஸ்க் போலப் பயன்படுத்தும். டார்கெட் மென்பொருள் லினக்ஸ் கர்னலோடு வரும் எல்ஐஓதான்; 2011-இல் வந்த 2.6.38-இலிருந்தே அது உள்ளே இருக்கிறது. அமைக்கும் வேலையெல்லாம் டார்கெட்சிஎல்ஐ என்ற அதன் கட்டளைக் கருவியில். வேகத்தில் குறையில்லை, நிலையாகவும் ஓடுகிறது. எந்த ஹோஸ்ட் எந்த லன்னைத் (டார்கெட் தரும் டிஸ்க்கைத்) தொடலாம் என்ற ஒரு விஷயத்தில்தான் திரும்பத் திரும்ப அடிபட்டேன்.

முதல் அடி, டெமோ மோட். ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) எழுதாமல் வருகிறவர்களையெல்லாம் உள்ளே விடும் அமைப்பு அது. அதிலும்கூட எழுதுவதற்குத் தடை தானாகவே இருக்கும். எங்கோ பார்த்த கட்டளைகளை அப்படியே ஒட்டியதில் அந்தத் தடையையும் நானே கழற்றியிருந்தேன். ஒருநாள் இரண்டாவது சர்வரிலிருந்து லாகின் செய்தேன், டிஸ்க் தெரிந்தது. முதல் சர்வர் அதே டிஸ்க்கை இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டமாக மவுண்ட் செய்து எழுதிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்க்கத்தானே போகிறோம் என்று ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தேன். ரீட்-ஒன்லி என்றாலும் இஎக்ஸ்டி4 முதலில் ஜர்னலை (முடியாத மாற்றங்களின் குறிப்பேட்டை) ரீப்ளே செய்யும், அதாவது டிஸ்க்கில் எழுதும். இது அப்போது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் முதல் சர்வரின் லாகில் பிழைகள் கொட்ட ஆரம்பித்தன. அன்றைய ராத்திரி பேக்கப்பிலிருந்து மீட்பதிலேயே போனது.

மறுநாளே டெமோ மோடை மூடிவிட்டு, ஹோஸ்ட்டுக்கு ஒரு ஏசிஎல் என்று எழுதினேன். ஏசிஎல் ஆளை அடையாளம் காண்பது ஐக்யூஎன் என்ற ஐஸ்கஸி பெயரை வைத்து. ஆனால் ஐக்யூஎன் என்பது ஹோஸ்ட் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பெயர். கோப்பில் ஒரு வரியை மாற்றினால் யார் வேண்டுமானாலும் யாராகவும் வரலாம். ஆகவே என் கணக்கில் ஏசிஎல் கைத்தவறுக்குத்தான் தடுப்பு, திருடனுக்கு இல்லை. ஒரு சின்ன லாபம் உண்டு: மறுக்கப்பட்ட லாகின்கள் டார்கெட்டின் கர்னல் லாகில் பெயரோடு விழும். பெயரில் 1991-05 இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ், 1994-05 இருந்தால் ரெட் ஹேட் குடும்பம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

இரண்டாவது அடி குளோனிங்கால் வந்தது. ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து இரண்டு விஎம் (மெய்நிகர் கணினி) எடுத்தேன். இரண்டிலும் ஒரே ஐக்யூஎன். தனித்தனியாக ஓட்டினால் ஒழுங்காக இருக்கும், சேர்ந்து ஓடினால் இரண்டுமே அறுந்து அறுந்து ஒட்டும். ஒரே பெயரில், ஒரே செஷன் அடையாளத்தோடு புது லாகின் வந்தால், பழைய ஆள்தான் திரும்ப வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு டார்கெட் பழைய செஷனை மூடும். மூடப்பட்டவர் மறுபடி வருவார், மற்றவர் வெளியே போவார். இது புரியாமல் இரண்டு நாள் ஸ்விட்சையும் கேபிளையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது டெம்ப்ளேட்டில் அந்தப் பெயர்க் கோப்பே கிடையாது. முதல் பூட்டில் புதுப் பெயர் உருவாகும்.

சாப், அதாவது லாகினில் கடவுச்சொல் சோதனை, போட்டது மூன்றாவது வருடத்தில். தாமதம்தான். போட்ட அன்று பிழை எண் 24 விடாமல் வந்தது. ஏசிஎல் இல்லாவிட்டாலும் அதே 24, கடவுச்சொல் தப்பானாலும் அதே 24. எது காரணம் என்று இனிஷியேட்டர் (டார்கெட்டோடு இணையும் ஹோஸ்ட்) பக்கம் உட்கார்ந்து கண்டுபிடிப்பது கஷ்டம், டார்கெட்டின் லாகைத்தான் திறக்க வேண்டும். என் விஷயத்தில் கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஹோஸ்ட்டில் ஓடும் இனிஷியேட்டர் சேவையான ஐஸ்கஸிடி-யின் பொது கான்ஃபிக் கோப்பை மாற்றினால், ஏற்கெனவே டிஸ்கவரி செய்த (தேடிக் கண்டெடுத்த) டார்கெட்டுக்கு அந்த மாற்றம் போய்ச் சேராது. டிஸ்கவரி நேரத்தில் எடுத்த நகல் தனிப் பதிவாகக் கிடக்கும். அந்தப் பதிவைத்தான் திருத்த வேண்டும். விண்டோஸ் இனிஷியேட்டருக்கு வேறொரு அடம்: ஐபிசெக் (நெட்வொர்க் குறியாக்கம்) இல்லாவிட்டால் கடவுச்சொல் 12 முதல் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

சாப் பார்ப்பது லாகினை மட்டுமே. அதற்குப் பின் டேட்டா திறந்தபடிதான் ஓடும். ஐபிசெக் வரை நான் போகவில்லை. ஸ்டோரேஜுக்குத் தனி விலேன் (பிரித்துவைத்த நெட்வொர்க்) போட்டு, போர்ட்டலை, அதாவது டார்கெட் இணைப்புகளை ஏற்கும் முகவரியை, அந்த விலேனின் ஐபி-யில் மட்டும் கட்டிவைத்தேன். எதையும் தொடாமல் விட்டால் ஐஸ்கஸியின் போர்ட் 3260 எல்லா நெட்வொர்க் கார்டிலும் காதைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும். நான் பார்த்தவரை பலரும் மறப்பது இதைத்தான்.

இன்னும் எரிச்சல் தரும் ஒன்று உண்டு. டார்கெட்சிஎல்ஐ-யில் புது லன் சேர்த்தால், அந்த டார்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் எல்லா ஏசிஎல்லுக்கும் அது தானாகவே மேப் ஆகிவிடும். ஒரு ஹோஸ்ட்டுக்கென்று உருவாக்கியது மற்ற மூன்றிலும் தோன்றியபோதுதான் கவனித்தேன். நல்லவேளை, யாரும் மவுண்ட் செய்திருக்கவில்லை. அந்த ஆட்டோ மேப்பிங்கை உடனே அணைத்தேன். இருந்தும் மனம் ஆறாமல், இப்போது ஹோஸ்ட்டுக்கு ஒரு டார்கெட் என்றே பிரித்து வைத்திருக்கிறேன்.